சக நோயாளி சொன்னால் சரியாக இருக்குமா? சர்க்கரை நோயைச் சுற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்ளும் ஒருவர் மருத்துவரின் எதிரில் அமர்வது ஆண்டுக்கு நான்கைந்து தடவை, அதுவும் சில நிமிடங்கள். ஆனால் அதே நோயைப் பற்றி அவர் காலை நடையில் உடன் வருவோரிடமும், பரிசோதனைக் கூடத்தில் சாப்பிட்டபின் இரண்டாம் முறை ரத்தம் கொடுக்கக் காத்திருப்போரிடமும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் ஓயாமல் பேசுகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10 கோடி பேருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழகத்தில் அது 14.4 விழுக்காடு. ஏழு பேருக்கு ஒருவர் என்கிற இந்தக் கணக்கில், யோசனை சொல்ல ஆளில்லாத தெரு தமிழகத்தில் இருக்க முடியாது. பட்டவருக்குத் தெரிவது படித்தவருக்குத் தெரியாது என்று நோயாளிகள் நம்புகிறார்கள். நோயாளிகள் கூடிப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும் என்று மருத்துவர் பலர் நம்புகிறார்கள். சக நோயாளி எதற்குத் துணை, எதற்குத் துணையல்ல என்று பிரித்துப் பார்க்காதவரை இரண்டு நம்பிக்கைகளும் அரைகுறையானவையே.

துணையாக முடியாத இடத்திலிருந்து தொடங்கலாம். "எனக்குக் கேட்ட மாத்திரை உனக்கும் கேட்கும்" என்பது பூங்காக்களில் அடிக்கடி கேட்கிற வாக்கு. இரண்டாம் வகை நீரிழிவில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன: உடலின் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களும் படிப்படியாகத் தளர்கின்றன. பிரிட்டனில் 1977 முதல் 1997 வரை நடந்து, 1998இல் முடிவுகள் வெளியான புகழ்பெற்ற நீண்டகால ஆய்வு, கட்டுப்பாட்டை எவ்வளவு கவனமாகத் தொடங்கினாலும் ஆண்டுகள் செல்லச்செல்ல இந்தத் தளர்ச்சி கூடுகிறது என்பதை வெளிக்காட்டியது. ஒருவரிடம் எந்தக் கோளாறு எவ்வளவு, நோய் வந்து எத்தனை ஆண்டு, சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறுகிறது. ஆகவே கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை ஐம்பது வயதுக்காரருக்கு நன்றாக ஒத்துப்போகலாம், சிறுநீரகம் தளர்ந்த எழுபது வயதுக்காரரை அதே அளவு நள்ளிரவில் மயங்கி விழவும் வைக்கலாம்.

மாத்திரையே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற நம்பிக்கை இதைவிடத் தீங்கானது, ஏனெனில் அது மருந்தை நிறுத்தச் செய்கிறது. பெரும்பாலோர் உட்கொள்ளும் மெட்பார்மின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. வேறு காரணத்தால் சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்துவிட்டால் அம்மருந்து உடலில் தேங்கும் என்பதால் மருத்துவர் அளவைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார், அதைப் பார்த்த உறவினர் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறார். சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழாய்களை உண்மையில் அரிப்பவை கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். மெட்பார்மினைப் பல்லாண்டு உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பது மெய்யான குறை; ஆனால் அதைப் பற்றி யாரும் பயமுறுத்துவதாகத் தெரியவில்லை.

உணவைப் பற்றிய நம்பிக்கைகள் எண்ணிக்கையில் மிகுதி, அவற்றுள் தலையாயது இரவில் சப்பாத்தி. சோற்றை நிறுத்திவிட்டேன் என்று பெருமையோடு சொல்பவரின் தட்டில் நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் இருக்கும். பச்சரிசியைவிடக் கோதுமையில் புரதமும் நாரும் சற்றுக் கூடுதல் என்பது சரியே. ஆயினும் கோதுமை மாவிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான், அது குடலில் குளுக்கோஸாக உடைவதை யாராலும் தடுக்க முடியாது. மேற்சொன்ன நாடு தழுவிய ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வெளியான உணவு பற்றிய பகுதி, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், வெள்ளரிசிக்குப் பதில் அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொள்வதால் மட்டும் நோயின் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றும், மாவுச்சத்தின் மொத்த அளவைச் சிறிது குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் ஆகியவற்றின் புரதத்தைச் சேர்ப்பவர்களிடமே அது குறைகிறது என்றும் காட்டியது. கேழ்வரகுக் கூழுக்கும் இதே நியாயம் பொருந்தும்: தானியம் எவ்வளவு நுண்ணியதாக அரைபட்டு எவ்வளவு நேரம் கொதித்துக் குழைகிறதோ அவ்வளவு விரைவாகச் செரிக்கிறது, ஆகவே ஒரு செம்பு கூழ் சிறுதானியம் என்ற பெயரால் மன்னிக்கப்படுவதில்லை. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவற்றில் இரும்பும் பிற தாதுக்களும் சிறிதளவு உண்டு. ஆனால் கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே பொருள், தேனிலோ குளுக்கோஸும் பிரக்டோஸும். கருப்பட்டிக் காபியை மருந்துபோல் இரண்டு முறை குடிப்பவர் சர்க்கரையைத்தான் இரண்டு முறை குடிக்கிறார்.

பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், நாவல்கொட்டைப் பொடி ஆகியவற்றைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. பாகற்காய் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அதை நீரிழிவுக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. கறியாகச் சமைத்து உண்பதில் குறையொன்றுமில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பதும், மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்து உட்கொள்வதும்தான் ஆபத்து.

சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பத்தியம் இருந்து நல்ல எண்ணைப் பெறுவது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் உத்திகளில் ஒன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரை அதற்கு ஏமாறலாம். எச்பிஏ1சி என்னும் சோதனை ஏமாறாது. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை அது அளக்கிறது, அந்த அணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அதில் பதிந்துவிடுகிறது.

இந்த நோய் ஒருபோதும் தணியாது என்பதும், எண் சரியாகிவிட்டால் குணமாகிவிட்டது என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான இரு தவறுகள். பிரிட்டனில் நோய் வந்து ஆறாண்டுக்கு மேற்படாதவர்களைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட டைரக்ட் ஆய்வில், கடுமையான கலோரிக் குறைப்பால் எடையை இறக்கியவர்களுள் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நீரிழிவின் எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது. தணிந்த நோய் எடை ஏறினால் திரும்பும் என்பதால், மாத்திரை நிறுத்தப்பட்டவரும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டியவரே.

இனி இன்சுலின். அதைப் போடத் தொடங்கினால் விட முடியாது, அது நோயின் கடைசிக் கட்டம் என்ற அச்சம் பல குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் உண்டு: மாத்திரைகளெல்லாம் பயனற்றுப்போய், கண்ணோ காலோ பாதிக்கப்பட்ட பிறகே தாத்தாவுக்கு ஊசி போடப்பட்டதைப் பேரன் கண்ணால் கண்டிருக்கிறான். ஊசியால் கால் போகவில்லை, ஊசி பத்தாண்டு தாமதமாக வந்ததால் போயிற்று என்பதை அந்தக் காட்சி அவனுக்குச் சொல்வதில்லை. கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமல் போகும்போது வெளியிலிருந்து அதையே கொடுப்பது குறையை ஈடுசெய்வதேயன்றிப் பழக்கத்துக்கு அடிமையாவதன்று. அறுவை சிகிச்சை, காய்ச்சல், கர்ப்பம் போன்ற காலங்களில் மட்டும் போட்டுப் பின்னர் நிறுத்துவோரும் உண்டு.

இந்த அச்சத்தை யாரால் போக்க முடியும் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு எதிர்பாராத விடையைத் தந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத 244 ஆண்களில் ஒரு பிரிவினர் இருவர் இருவராகச் சேர்க்கப்பட்டு வாரம் ஒருமுறை ஒருவரையொருவர் தொலைபேசியில் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள், மற்றொரு பிரிவினர் தேர்ந்த செவிலியரின் கவனிப்பில் விடப்பட்டார்கள். ஆறு மாதத்தில் இணையர்களின் எச்பிஏ1சி சராசரி 8.02இலிருந்து 7.73ஆக இறங்கியது, செவிலியரின் கவனிப்பில் இருந்தோருக்கோ 7.93இலிருந்து 8.22ஆக ஏறியது, இன்சுலினைப் புதிதாகத் தொடங்கியவர்கள் முதல் பிரிவில் எட்டுப் பேர், இரண்டாம் பிரிவில் ஒருவர். அந்த இணையர்களுள் யாரும் மற்றவருக்கு மருந்து எழுதிக்கொடுக்கவில்லை. இருவரும் ஒரே படகில் இருந்தார்கள், விசாரிக்கப்படுபவரே அடுத்த வாரம் விசாரிப்பவராகவும் இருந்தார் என்பதே செவிலியரால் தர இயலாத ஒன்றாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

எங்கும் இப்படியே நடக்கிறது என்று சொல்வதும் இன்னொரு நம்பிக்கையாகிவிடும். அயர்லாந்தில் 395 நோயாளிகளைக் குழுக்களாக இரண்டாண்டில் ஒன்பது முறை கூட்டி நடத்திய ஆய்வில், 2011இல் வெளியான முடிவுகளின்படி, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அவர்களுள் பலருக்குச் சர்க்கரை முன்பே ஓரளவு கட்டுக்குள் இருந்ததும் ஒரு காரணம். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நோய் வரும் வாய்ப்புள்ள 1,007 பேரிடம் ஊரார் சிலரையே வழிநடத்துவோராகக் கொண்டு செய்த முயற்சியில் நோய் வருவது புள்ளியியல் கணக்கில் ஏற்கத்தக்க அளவுக்குக் குறையவில்லை, ஆனால் மதுப்பழக்கம் குறைந்தது, காய்கனி உண்பது கூடியது. எப்போதாவது கூடிக் கேட்கும் சொற்பொழிவைவிட, தடுமாறுகிற ஒருவருக்கு அடிக்கடி ஒலிக்கும் ஒற்றைத் தொலைபேசி அழைப்புக்கு வலிமை கூடுதல் என்று இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தோன்றுகிறது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாத்திரை வீடுவரை வந்துவிடும், அதற்குப் பின் நடப்பவை அண்டை அயலாரின் கையில் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது என்பதை எடுத்துக்கொள்ளலாம். பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று மருந்துச் சீட்டில் அச்சிட்டிருக்கும், ஆனால் அது குறிக்கும் 25 அல்லது 30 டிகிரி வேலூரின் மே மாதத்துக்குப் பொருந்தாது. நீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாதபடி வைத்தால் வெப்பம் கணிசமாகக் குறையும் என்பது பல நாடுகளில் அளந்து பார்க்கப்பட்ட உண்மை. குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் உறைபெட்டியில் வைத்துவிடுவதும் உண்டு, ஒருமுறை உறைந்த இன்சுலின் வீணே.

நடைக்குழுவில் ஒருவர் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை ஏறிவிட்டது என்று முடிவுகட்டி இனிப்பை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து உட்கொள்பவருக்கு இவை பெரும்பாலும் சர்க்கரை இறங்கியதன் அறிகுறிகள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை எனப்படுகிறது. நினைவிருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து, தேறாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். வோக்லிபோஸ் என்னும் மாத்திரையை உட்கொள்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவாக உடையாது என்பதால் குளுக்கோஸ் பொடியே தேவை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைப்பதே முறை.

பாதத்தை நோக்குவதும் தனியாளால் ஆகாத வேலை. நரம்பு மரத்தவருக்குக் காலில் முள் தைத்ததும் தெரியாது, வெயிலில் காய்ந்த கல் சுட்டதும் தெரியாது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முதுகும் கண்ணும் ஒத்துழைப்பதில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு சுற்றி வந்தவரின் பாதத்தை அன்றிரவே வேறொருவர் விளக்கொளியில் விரலிடுக்குவரை பார்த்தால், கொப்புளம் புண்ணாவதற்கு முன் அகப்படும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மருத்துவமனைகள் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும் என்பதுதான் தமிழ்க் குடும்பங்களில் மிகவும் தயங்கப்படும் அறிவுரை. வீட்டுக்குள் புழங்க மட்டும் தனி இணை ஒன்றை வைத்துக்கொண்டு, பூஜையறை வாசலில் அதைக் கழற்றும் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அதே தெருவில் இருந்தால், அந்தத் தயக்கத்தைத் தீர்க்க மருத்துவர் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.