உயிரணுவின் மெய்ப்புத் திருத்துநர்



இம்மலரின் நன்கொடையாளர் பட்டியலை மும்முறை மெய்ப்புப் பார்த்தும் எனக்கு அச்சம் தீரவில்லை. நம் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் ஏறத்தாழ 600 கோடி வேதி எழுத்துகளைப் படியெடுக்கிறது. அப்பணியைச் செய்வது டி.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி. இவ்வகை நொதியை முதன்முதலில், 1956-இல், ஒரு பாக்டீரியாவில் கண்டறிந்தவர் ஆர்தர் கோர்ன்பர்க்.

நான்கு எழுத்துகளுள் சரியானதை அது எவ்வாறு தேர்கிறது? ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்பது இணை. இணைகளுக்கிடையே உள்ள பிணைப்பே காரணம் என்று நானும் மாணவர்க்குச் சொல்லி வந்தேன். அது பாதி உண்மையே. வடிவமும் பொருந்த வேண்டும். சரியான இணை அமைந்தால்தான் நொதி விரல் மடக்குவதுபோல் மூடிக்கொண்டு அதனை விரைந்து கோக்கும். பொருந்தாதது பெரும்பாலும் நழுவிவிடும். இருந்தும் சுமார் இலட்சத்தில் ஒன்று தவறாகக் கோக்கப்படும். அப்போது வேகம் தடைபட, நொதி அவ்வெழுத்தை வெட்டியெறிந்து மீண்டும் கோக்கிறது. அதற்கும் தப்பியவற்றை வேறு புரதங்கள் தேடித் திருத்துகின்றன. ஈற்றில் எஞ்சுவது நூறு கோடியில் ஒன்று அளவே.

இத்திருத்தும் புரதங்களில் பரம்பரைக் குறை உள்ள குடும்பங்களும் உண்டு. லிஞ்ச் நோய்க்குறி என்பர். அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் இளவயதிலேயே வரக்கூடும். உங்கள் குடும்பத்தில் 50 வயதுக்குள் இந்நோய் கண்டவர் இருந்தால், அதனை மருத்துவரிடம் சொல்லிக் குடல் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.