கொத்துகிற கோழிக்கு ஒரு குறிப்பேடு

தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணுக்காலுக்கு மேல் இரண்டு சிவந்த தடங்களோடு வகுப்புக்கு வந்தாள். கேட்டதற்கு, "எங்க வீட்டுக் கோழி கொத்திடுச்சு டீச்சர்" என்றாள். அதோடு நின்றிருந்தால் காயத்தைக் கழுவிவிட்டுப் பாடத்துக்குப் போயிருப்பேன். "ஞாயித்துக்கிழமை அதை அடிச்சுக் குழம்பு வெச்சிடலாம்னு அப்பாயி சொல்லிட்டாங்க" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. குஞ்சாக இருந்தபோதிலிருந்து அவள் கையில் நொய் தின்று வளர்ந்த பெட்டைக்கோழி அது.

வகுப்பு முழுவதும் பேச ஆரம்பித்துவிட்டது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் போன்ற ஊரில் கோழி இல்லாத வீடு குறைவு. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "அது முரட்டுக் கோழி." "அதுக்குக் கொழுப்பு." "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க." எல்லாப் பதிலும் அந்தக் கோழி எப்படிப்பட்டது என்பதையே சொன்னது. அது எப்போது கொத்துகிறது, யாரைக் கொத்துகிறது என்று கேட்டேன். வளர்த்தவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலை அந்த வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் தவணை கேட்டேன். "கோழிக்கு வாய்தா கேக்குற டீச்சர இப்பத்தான் பாக்குறேன்" என்று அப்பாயி சிரித்தார். ஆனாலும் கொடுத்தார்.

அதற்கு முன் காயத்தைப் பற்றி ஒன்று. கோழி கொத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் போதும். தோல் கிழிந்திருந்தால் குழந்தைக்கு 5 வயதிலும் 10 வயதிலும் போட வேண்டிய ரணஜன்னித் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று பெற்றோரைக் கேளுங்கள். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளால் வருவது. கோழி கொத்தியதற்கு அந்த ஊசி வேண்டியதில்லை. கண்ணிலோ கண்ணருகிலோ கொத்தியிருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குனிந்து கோழியை முகத்தருகே தூக்கிக் கொஞ்சும் பழக்கம் சின்னக் குழந்தைகளுக்கு உண்டு. அதைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னேன்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து பத்திகள் போட்டுக் கொடுத்தேன். நேரம், யாரைக் கொத்தியது, உடம்பில் எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கொத்திய பிறகு அந்த ஆள் என்ன செய்தார். ஐந்தாவது பத்தியை நான் முதலில் போடவில்லை. இடம் மிச்சம் இருந்ததால் சேர்த்தேன். கடைசியில் புதிரை அவிழ்த்தது அதுதான். மாணவி எழுதிக்கொண்டு வருவாள். வகுப்பு நேர்க்கோட்டுக் குறிகளாக மாற்றும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதே குறிப்பேட்டை வாங்கிப் பட்டை வரைபடம் வரைந்தார்கள். புத்தகத்தில் இருக்கும் 'பிடித்த பழம்' கணக்கைவிட இதில் அவர்களுக்குச் சண்டை அதிகம், தவறும் குறைவு.

ஒரு வாரத்தில் மூன்று விஷயங்கள் தெரிந்தன.

கொத்துகளில் பெரும்பாலானவை காலையில், பஞ்சாரத்தைத் தூக்கிய உடனே நடந்தவை. மற்ற மாதங்களில் அந்தக் கோழி நாள் முழுக்கக் கொல்லையிலும் களத்திலும் மேயும். சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே வயலில் உளுந்து தெளித்துவிடுகிறோம் அல்லவா? அறுவடைக்குப் பின் அந்த இளஞ்செடியைக் கோழி கிளறிவிடும் என்று தெருவில் எல்லாரும் கோழியைக் கவிழ்த்து வைக்கிறார்கள். பசியோடும் அடைபட்ட கால்களோடும் வெளியே வரும் கோழிக்கு முதலில் எதிர்ப்படுவது ஆள்தான்.

மாணவியைக் கொத்தியதெல்லாம் காலில்தான், அதுவும் கொலுசுக்குப் பக்கத்தில். கொலுசில் சிவப்பு மணிகள் இருந்தன. கோழியின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தலையைச் சாய்த்துச் சாய்த்து அது பார்ப்பது இதனால்தான். நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிடத் தேர்ந்தது. நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியும் அதற்குத் தெரியும். தரையோடு மினுங்கும் சின்ன உருண்டைப் பொருள் எதுவானாலும் அது தின்னத் தக்கதா என்று கொத்திப் பார்ப்பது முட்டையிலிருந்து வந்த அன்றே தொடங்கும் குணம். கை இல்லாத உயிருக்கு அலகுதான் கை. அவளுக்கு விழுந்த கொத்தில் கோபம் எதுவும் இல்லை. கொலுசைக் கழற்றியதும் அது ஏறக்குறைய நின்றுவிட்டது.

மூன்றாவது, அவளுடைய தம்பி. இரண்டாம் வகுப்பு. அதிகமாகக் கொத்து வாங்கியவன் அவன்தான். அவன் பெயருக்கு நேரே ஐந்தாவது பத்தியில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப இருந்தது: "பொரியைப் போட்டுட்டு ஓடிட்டான்." கையில் பொரிக் கிண்ணத்தோடு திண்ணையில் உட்காருவான், கோழி வந்து கொத்தும், பயந்துபோய் ஒரு பிடிப் பொரியை வீசிவிட்டு உள்ளே ஓடுவான். கோழியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு நேரானது. கொத்தினால் பொரி கிடைக்கிறது. எதிரே நின்ற ஆளும் ஓடிவிடுகிறான். அந்தக் கோழி எதையும் மீறவில்லை. பையன் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறது. இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவன், வகுப்பில் வாயே திறக்காத ஒரு கடைசி வரிசைப் பையன்.

பி.எப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயரை ஆசிரியர் பயிற்சியில் நாம் எல்லாரும் எழுதித் தேறியிருக்கிறோம். எலியும் புறாவும்தான் நினைவிருக்கும். அவருடைய மாணவர்களான கெல்லர் பிரீலாண்ட், மரியன் பிரீலாண்ட் தம்பதியர் அந்த முறையை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கோழி முதலான பலவகை விலங்குகளைப் பழக்கினார்கள். மரியனோடு பின்னாளில் பணியாற்றிய பாப் பெய்லி, விலங்குப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது அவர்கள் கையில் கோழியைத்தான் கொடுத்தார். கோழி வேகமானது. தானியம் அரை நொடி தாமதமானால் அது வேறொன்றைக் கற்றுக்கொண்டுவிடும். பயிற்றுநரின் பிழை உடனே கண்ணில் படும். பிரீலாண்ட் தம்பதியர் 1961-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்கள்: எவ்வளவு பழக்கினாலும் கோழி கிளறுவது போன்ற பிறவிக் குணங்கள் இடையில் வந்து புகுந்துவிடுகின்றன. ஆகவே கொத்தாத கோழியை உண்டாக்க முடியாது. எதைக் கொத்துவது என்பதைத்தான் மாற்றலாம்.

பிள்ளைகள் சேர்ந்து முடிவு செய்த வழி இது. பஞ்சாரத்தைத் தூக்கும் முன்பே எட்டு அடி தள்ளி ஒரு தட்டில் தவிடு பிசைந்து வைத்துவிட வேண்டும். யாரும் கையிலிருந்து தீனி கொடுக்கக் கூடாது. தம்பி கிண்ணத்தோடு வெளியே வரக் கூடாது. கோழி கொத்த வந்தால் ஓடாமலும் உதைக்காமலும் முறத்தைக் குறுக்கே பிடித்து நிற்க வேண்டும். உதைத்தால் அது சண்டைக்கு அழைப்பதாகும். ஓடினால் அதற்கு வெற்றி. உளுந்துக்குப் பாதகமில்லாமல் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது கொல்லையில் அவிழ்த்துவிட வேண்டும்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கொத்து அதிகமாயிற்று. மாணவி அழுதுகொண்டே வந்தாள். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காதது என் தவறு. கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று நின்றால், எந்த உயிரும் நிறுத்துவதற்கு முன் ஒருமுறை பலமாக முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டுப் பொரியைப் போட்டால், பலமாகக் கொத்தினால்தான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். இரண்டாவது வார முடிவில் நோட்டில் வெற்று வரிசைகள் வரத் தொடங்கின.

"அப்பாயிய மட்டும் ஏன் கொத்தல?" என்ற கேள்வி பாக்கி இருந்தது. இதற்கு நார்வே நாட்டுச் சிறுவன் ஒருவனின் கதையைச் சொன்னேன். தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே என்பது பெயர், பிறந்தது 1894. கோழிகளுக்குள் எது எதைக் கொத்துகிறது என்று சிறுவயதிலேயே நோட்டில் குறிக்கத் தொடங்கினார். வளர்ந்த பின் 1921-இல் அதையே முனைவர் பட்ட ஆய்வாக்கினார். 'கொத்தும் வரிசை' என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படுவது அவர் கண்டதுதான். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழி எல்லாரிடமும் வாங்கும். வரிசை எப்போதும் நேராக இராது என்பதையும் அவர் கண்டார். அ என்பது ஆ-வைக் கொத்தும், ஆ என்பது இ-யைக் கொத்தும், இ திரும்பி வந்து அ-வையே கொத்தும். இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறு கோழி வைத்திருந்த ஒரு வீட்டில், காலில் தளர்வாகக் கலர் நூல் கட்டி அவர்களே பார்த்தார்கள். முக்கோணம் கிடைக்கவில்லை, வரிசை கிடைத்தது. கிடைக்காததையும் எழுதச் சொன்னேன். அப்பாயியைக் கோழி தனக்கு மேலே வைத்திருந்ததா, அல்லது அவர் ஒருநாளும் ஓடாததால் கொத்திப் பயனில்லை என்று விட்டதா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இன்னும் முடியவில்லை.

இந்தப் பாடத்தை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொத்தும் வரிசையை வகுப்பறைப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். அடுத்த இடைவேளைக்குள் யாராவது ஒரு குழந்தைக்குக் 'கடைசிக் கோழி' என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஒரு பையன் ஏன் அடிக்கிறான் என்று ஆசிரியர் அறையில் பேசும்போது அந்த ஐந்து பத்திகளை நாம் நினைத்துக்கொள்ளலாம். அது நமக்குள் இருக்கட்டும்.

சேவலுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. அது எகிறிக் கால் முள்ளால் அடிக்கும். பிள்ளைகளை அருகே விடக் கூடாது. காவிரிக் கரையில் சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையை எதிர்த்து வென்ற கோழியைக் கண்ட இடம் என்பது கதை. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் இறந்த சேவலுக்கு எழுத்துப் பொறித்து நட்ட நடுகல் இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர் இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு தனியே ஒரு வகுப்பு நடத்தினார்.

மாசி நடுவில் அந்தக் கோழி அப்பாயியைக் கொத்தியது. முதல் தடவை. மாணவி ஓடி வந்து, "எல்லாம் வீணாப் போச்சு டீச்சர்" என்றாள். முன்னால் என்ன நடந்தது என்று நோட்டைப் பார்க்கச் சொன்னேன். கோழி இரண்டு நாளாகக் கூடையை விட்டு எழவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கரகரவென்று உறுமியது. முட்டை எடுக்கக் கை நீட்டினார், கொத்திவிட்டது. அவளே சிரித்துவிட்டாள். அடையில் உட்கார்ந்திருக்கிறது.

அடையைக் கலைக்க மூக்கில் இறகு செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் நம் ஊர்களில் உண்டு. அது வதை. குஞ்சு வேண்டாமென்றால், காற்றோட்டமான அடிக்கம்பிக் கூண்டில், வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விட்டால் தானே தெளியும். குஞ்சு வேண்டுமென்றால் இருட்டான மூலையில் விட்டுவிட்டு, தினமும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் மட்டும் போக வேண்டும். பொரிக்க 21 நாள். பொரித்த பிறகும் குஞ்சுகள் தனியே மேயும் வரை தாய்க்கோழி கொத்தத்தான் செய்யும். காக்கைக்கும் பருந்துக்கும் காட்டும் அதே முகத்தை நமக்கும் காட்டும்.

அப்பாயி ஒன்பது முட்டைகளை வைத்துக் கூடைக்குமேல் பழைய சேலையைப் போட்டு மூடினார். அந்த வார நோட்டில் மாணவியின் கையெழுத்துக்குக் கீழே, அவர் சொல்லி எழுதச் செய்த ஒரு வரி இருந்தது: "காலையில் நான் மட்டும் போறேன். டீச்சர் வந்தாலும் கிட்ட வரக் கூடாது."