டொலேடோ: மூன்று மதத்தார் வாழ்ந்த ஊர்

ஐரோப்பாவில் ஸ்பெயின் என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் மாட்ரிட். மாட்ரிட்டிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் டொலேடோ நகரம் வரும். அது மிகப் பழைய ஊர்.

டொலேடோ ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. தாஹோ என்ற ஆறு மூன்று பக்கமும் அதைச் சுற்றி ஓடுகிறது. மீதிப் பக்கத்தில் கோட்டை மதில். பகைவர் எளிதில் உள்ளே வர முடியாது. அதனால் அரசர்கள் பலர் இந்த ஊருக்கு ஆசைப்பட்டார்கள்.

முதலில் ரோமானியர் ஆண்டார்கள். பிறகு விசிகோத்து அரசர்கள் ஆண்டார்கள். 8-ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் கைக்கு ஊர் வந்தது. 1085-ல் ஆறாம் அல்போன்சோ என்ற கிறிஸ்தவ அரசர் அதைப் பிடித்தார். அப்போது அங்கே முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று மதத்தாரும் வாழ்ந்தார்கள்.

மன்னிக்கச் சொன்ன பெரியவர்

ஊரில் ஒரு பெரிய மசூதி இருந்தது. அதை முஸ்லிம்களுக்கே விட்டுவிடுவதாக அரசர் வாக்குக் கொடுத்தார். அவர் வெளியூர் போன நேரத்தில், அரசியும் பேராயரும் மசூதியைக் கைப்பற்றினார்கள். அதைக் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றினார்கள். அரசருக்குக் கடும் கோபம் வந்தது. இருவரையும் தண்டிக்கப் புறப்பட்டார். வழியில் அபு வலீத் என்ற முஸ்லிம் பெரியவர் அவரைத் தடுத்தார். இருவரையும் மன்னிக்கும்படி வேண்டினார். இது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை.

1226-ல் அதே இடத்தில் புதிய பேராலயம் கட்டத் தொடங்கினார்கள். 1493-ல் வேலை முடிந்தது. கட்டி முடிக்க 267 ஆண்டுகள் ஆயின! அதன் நீளம் சுமார் 120 மீட்டர். அதன் உள்ளே, பீடத்துக்கு அருகில், அபு வலீத்துக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

சேர்ந்து படித்தார்கள்

டொலேடோவில் அரபி மொழி நூல்கள் நிறைய இருந்தன. ஐரோப்பாவில் படித்தவர்களின் மொழி லத்தீன். அவர்களுக்கு அரபி தெரியாது. என்ன செய்தார்கள்? அரபி அறிந்த யூதர் நூலைப் படித்து, ஊர் மக்கள் பேசும் மொழியில் சொல்வார். அதைக் கேட்டுக் கிறிஸ்தவ குரு லத்தீனில் எழுதுவார். சில நூல்கள் இப்படி இருவர் உழைப்பில் உருவாயின.

இத்தாலியிலிருந்து ஜெரார்டு என்ற அறிஞர் ஒரு வானவியல் நூலைத் தேடி இங்கே வந்தார். அதற்காகவே அரபி கற்றார். 70-க்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார். அவற்றில் ஒன்று இபின் சினாவின் மருத்துவ நூல். ஐரோப்பிய மருத்துவ மாணவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள்.

வெளியேறச் சொன்னார்கள்

இந்த நிலை நீடிக்கவில்லை. 1492-ல் அரசி இசபெல்லாவும் அரசர் பெர்டினாண்டும் ஓர் ஆணை போட்டார்கள். யூதர்கள் மதம் மாற வேண்டும். இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். நான்கு மாதமே தவணை. பலர் பிறந்த மண்ணை விட்டுப் போனார்கள். 1502-ல் முஸ்லிம்களுக்கும் அதே கதி வந்தது.

வெளியேறிய யூதர்களின் வழிவந்தவர்களுக்குக் குடியுரிமை தர, 2015-ல் ஸ்பெயின் ஒரு சட்டம் செய்தது. அதற்குள் 523 ஆண்டுகள் கடந்துவிட்டன. விரட்ட நான்கு மாதம் போதுமாக இருந்தது.

இன்று பார்க்கலாம்

999-ல் கட்டிய ஒரு சிறிய மசூதி இன்றும் நிற்கிறது. யூதர்களின் பழைய தொழுகைக் கூடங்கள் இரண்டு உள்ளன. ஒன்றில் யூதர் வரலாற்று அருங்காட்சியகம் நடக்கிறது. எல் கிரேக்கோ என்ற புகழ்பெற்ற ஓவியர் இந்த ஊரில் வாழ்ந்து 1614-ல் இறந்தார். அவருடைய ஓவியங்களையும் இங்கே காணலாம். 1986-ல் யுனெஸ்கோ டொலேடோவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

விடை சொல்லுங்கள்

1. பேராலயத்தைக் கட்டி முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின?
2. அரபி நூல்களை இருவர் சேர்ந்து எப்படி மொழிபெயர்த்தார்கள்?

கூடிப் பேசுங்கள்

அபு வலீத் ஏன் அரசரைத் தடுத்திருப்பார்? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?