பழைய துணியைக் கொடுக்கலாமா?

கேள்வி: பீரோ நிறையப் பழைய துணி சேர்ந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுக்கலாமா? ஒருவர் உடுத்தியதை இன்னொருவர் உடுத்தினால் தோஷம் என்கிறார் மாமியார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள். அண்ணன் சட்டையைத் தம்பியும், அக்கா பாவாடையைத் தங்கையும் போட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! துவைத்து வெயிலில் காய்ந்த துணியில் எந்த தோஷமும் ஒட்டிக்கொண்டிருக்காது.

கொடுக்கிற விதத்தில்தான் கவனம் வேண்டும். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிசலும் அழுக்கும் கலந்திருந்ததால் பெரும்பகுதியை மீனவ மக்கள் தொடவில்லை. சாலையோரம் குவிந்து கிடந்தது. வீட்டைப் பறிகொடுத்தவருக்கும் மானம் உண்டு அல்லவா? அப்படிக் கிடந்த துணிகளைத் தரம் பிரித்துப் பயனுள்ளதாக்க முன்வந்தது, அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு. கிராமத்தார் குளம் வெட்டி, பாதை போட்டால், அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி தருவது அந்த அமைப்பின் வழக்கம். யாரும் கையேந்த வேண்டியதில்லை.

நீங்களும் துவைத்து, மடித்துக் கொடுங்கள். அறுந்த பொத்தானைத் தையுங்கள். பாவாடையில் நாடா இருக்கிறதா, பேன்ட்டில் ஜிப் ஓடுகிறதா என்று பாருங்கள். சுடிதாரோடு துப்பட்டாவையும் சேர்த்து வையுங்கள். உள்ளாடை வேண்டவே வேண்டாம். நைந்துபோனது கரித்துணிக்கு ஆகட்டும்.

அந்த அக்காவிடம் முதலில் "வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பழையது கொடுத்ததைச் சாக்காக வைத்துத் தீபாவளிப் புடவையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது புதிதாகவே இருக்கட்டும்.