இரண்டாவது ஆர்டர்

புதுச் சரக்கு சூடுபிடிக்கும்போது முதல் லாட்டில் பெரும்பாலும் யாரும் பணத்தை இழப்பதில்லை. இழப்பது இரண்டாவது ஆர்டரில்தான். கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரி கடை நடத்தும் நான், புதிதாகக் கடை போடும் தம்பிகளிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

2017-இல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் வந்தது. காலையில் பிரித்த பெட்டி மாலைக்குள் காலி. "அண்ணாச்சி, லைட் எரியிறது இருக்கா?" என்று பிள்ளைகள் கல்லாவை மொய்ப்பார்கள். அந்தச் சத்தம் காதில் இருக்கும்போது சென்னைக்குப் போன் போட்டால், ஒரு பெட்டி சொல்ல வேண்டிய வாய் ஐந்து பெட்டி சொல்லும். அது வந்து இறங்குவதற்குள் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோரிலும் பிளாட்பாரத்திலும் அதே பொருள் தொங்கும், பாதி விலைக்கு. ஆண்டு முடிவதற்குள் உலகம் முழுக்கவே அந்த மோகம் அடங்கிவிட்டது. மொத்தக் கடைக்காரர் ரிட்டன் எடுக்க மாட்டார். பில்லிலேயே அச்சடித்திருக்கும்.

ஸ்பின்னரில் முடங்கிய காசோடு நஷ்டம் நிற்பதில்லை. எங்கள் தொழிலுக்கு ஜூன் மாதம்தான் அறுவடை. லாங் சைஸ் நோட்டு, பிரவுன் ஷீட், லேபிள், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் ஏப்ரல், மே மாதங்களிலேயே ரொக்கம் கொடுத்து எடுத்தால்தான் ரேட் கட்டுப்படியாகும். கையில் ரொக்கம் இல்லையென்றால் கடனுக்கு எடுக்க வேண்டும். லாபம் அதிலேயே கரைந்துவிடும். நோட்டு இல்லையென்று திருப்பி அனுப்பிய தாய் அடுத்த வருஷம் நேரே அடுத்த கடைக்குத்தான் போவாள். ரெனால்ட்ஸ் 045 நீலப் பேனாவும் நடராஜ் பென்சிலும் யாரையும் பரவசப்படுத்துவதில்லை. ஆனால் கடை வாடகையைக் கட்டுவது அவைதான்.

இதற்காகப் புதுப் பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெல் பேனாவும் ஒரு காலத்தில் புதுசுதான். வாங்கியவர்கள் ரீஃபில் கேட்டுத் திரும்பி வந்தார்கள், அது நிலைத்துவிட்டது. ரூபிக் கனசதுரம் 1974-இல் ஹங்கேரியில் பிறந்தது. இன்றைக்கும் அதை வாங்கிய பையன் அடுத்து வேகமாகச் சுழல்கிற க்யூப் கேட்டு வருகிறான், பிறகு நான்குக்கு நான்கு கேட்கிறான். ஸ்பின்னருக்கும், பின்னால் 2021-இல் வந்த பாப்-இட்டுக்கும் அப்படி யாரும் வரவில்லை. இன்று வாங்கியவர் வேறு, நாளை வாங்குபவர் வேறு என்று புது முகமாகவே வந்துகொண்டிருந்தால் ஊரில் உள்ள முகங்கள் ஒருநாள் தீர்ந்துவிடும். எத்தனை விற்றது என்பதைவிட, வாங்கியவரே திரும்பி வந்தாரா என்று பாருங்கள்.

இப்போது லபூபு. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லுங் 2015-இல் உருவாக்கிய பாத்திரம் அது. நம் தெருக்களில் அந்தப் பெயரில் தொங்குகிற மலிவான பொம்மைகளோ போலிகள். இன்னொன்றும் உண்டு: 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத சரக்கை அதிகாரிகள் அள்ளிப்போனால் சப்ளை செய்தவர் வந்து நிற்கப்போவதில்லை. வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

என் கடையில் புதுப் பொருளுக்குக் கல்லா மேல் ஒரு தட்டுதான் இடம். அந்த வாரத்து லாபத்திலிருந்து ரொக்கமாக எடுப்பேன். நோட்டுக்கான பணத்தைப் பிப்ரவரியிலிருந்தே தனிக் கணக்கில் போட்டுவிடுவதால் கை அங்கே நீளாது. தட்டு காலியாகி, வாங்கிய ஒருவராவது திரும்பி வந்து கேட்ட பிறகுதான் அடுத்த ஆர்டர்.

"நாளைக்கு ரேட் ஏறிடும் அண்ணாச்சி, இன்னிக்கே நூறு பீஸ் போட்டுக்கோங்க" என்று சேல்ஸ்காரத் தம்பி சொல்வார். ஏறட்டும் தம்பி, ஏறின ரேட்டிலேயே பத்து பீஸ் எடுத்துக்கிறேன் என்பேன். பீஸுக்கு ஐந்து ரூபாய் கூடினாலும் எனக்குப் போவது ஐம்பது ரூபாய்தான்.