நாணயம்

(உரைநடைப் பாடம்)

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அரசு முத்திரையிட்டு வெளியிடும் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. ஊரார் ஒருவரை 'நாணயமானவர்' என்று சொன்னால், அவரிடம் பணம் இருக்கிறது என்பது பொருளன்று. அவரிடம் பணத்தை நம்பிக் கொடுத்து வைக்கலாம் என்பதே பொருள். காசு கைமாறும் இடத்தில் நேர்மையும் உடனிருக்க வேண்டும் என்று நம் முன்னோர் கருதியதை இச்சொல்லே காட்டுகிறது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வாங்கும்போதும் விற்கும்போதும் அளவு பிறழாதவர்கள் என்று அவர்களைப் பட்டினப்பாலையில் போற்றுகிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகருக்கு அழகு என்பது திருவள்ளுவரின் கருத்து. அவர் இக்கருத்தைச் செல்வம் பற்றிப் பேசும் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், 'நடுவு நிலைமை' என்னும் 12ஆம் அதிகாரத்தில் வைத்தார். வணிகம் பொருள் ஈட்டும் தொழில்தான். ஆயினும் அதன் வேர் அறத்தில் இருக்கிறது.

இரு மொழிச் சந்தை

வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. அம்மலையைச் சூழ்ந்த சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது; 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமையும் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. திருப்பதி 2022ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறின, வணிகம் நிற்கவில்லை. இன்றும் இப்பகுதிக் கடைத்தெருக்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர் இங்குக் கடை வைத்திருக்கின்றனர். பலர் கடைகளிலும் ஆலைகளிலும் பணிபுரிகின்றனர். மொழி வேறுபட்டாலும் சரியான எடை இருவருக்கும் விளங்கும். நேர்மையான தராசு, சந்தையின் பொது மொழி ஆகும்.

அத்தராசைக் காக்கச் சட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி, வணிகத்தில் பயன்படும் எடைக்கற்களும் தராசுகளும் உரிய காலத்தில் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். எடைக்கற்களுக்கு 24 திங்களுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுகளுக்கு 12 திங்களுக்கு ஒருமுறையும் இச்சோதனை தேவை. ஆயினும் முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. பெட்டியின் எடையைக் கழிக்காமல் பழத்தை நிறுத்தால், முத்திரையிட்ட தராசும் பொய் சொல்லும். சட்டம் தராசைச் சோதிக்கலாம். நிறுப்பவரின் மனத்தைச் சோதிக்க இயலாது.

காத்திருக்க முடியாத பழம்

சித்தூர்ப் பகுதியில் தோத்தாபுரி மா மிகுதியாக விளைகிறது. கிளியின் அலகுபோல் நுனி வளைந்திருப்பதால் தமிழர் இதனைக் 'கிளிமூக்கு மாங்காய்' என்பர். இதன் பெரும்பகுதி பழக்கூழ் செய்யும் ஆலைகளுக்குச் செல்கிறது. 2025ஆம் ஆண்டில் விளைச்சல் மிகுந்தது, விலை சரிந்தது. உழவருக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அதில் 8 ரூபாயை ஆலைகள் தர வேண்டும். 4 ரூபாயை அரசு தரும் என்பது ஏற்பாடு. ஆலை வாயில்களில் மாங்காய் ஏற்றிய வண்டிகள் நீண்ட வரிசையில் காத்து நின்றன.

நெல்லைக் குதிரில் சேர்த்து வைத்து, நல்ல விலை வரும்வரை பொறுத்திருக்கலாம். பழுக்கும் பழம் காத்திருக்காது. ஒவ்வொரு நாளும் அது எடையும் விலையும் இழக்கிறது. எனவே வரிசையில் நிற்கும் உழவருக்குக் காலம் பகை. வாங்குபவருக்கு அதுவே துணை. "நாளை விலை இன்னும் குறையும்; இன்றே இந்த விலைக்குத் தந்துவிடுங்கள்" என்று அந்நேரத்தில் ஒருவர் நெருக்கினால், அவர் தராசில் திருடவில்லை; ஆனால் மற்றவரின் இயலாமையைத் தம் ஆதாயமாக்குகிறார். அளவில் பிழை செய்யாமலேயே அறத்தில் பிழை செய்ய முடியும் என்பதை இங்கு உணரலாம்.

நாணயமுள்ள வணிகர், சரக்கை இறக்கும் முன்பே விலையைச் சொல்வார். விற்பவரின் கண்முன் நிறுப்பார். கழித்த பழத்தைக் காட்டியே கழிப்பார். எடை, விலை, பணம் தரும் நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதித் தருவார். விற்பவருக்கும் கடமை உண்டு. மேலே நல்ல பழமும் அடியில் அழுகிய பழமும் வைத்துக் கூடையை நிரப்புபவர், அடுத்து வரும் நேர்மையான உழவரின் கூடையையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறார்.

நெய் கூறும் கணக்கு

கண்ணுக்குத் தெரியும் பழத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத கலப்படம் கொடியது. நெய்யில் மலிவான வனஸ்பதியைக் கலந்தால் பார்வையால் கண்டறிவது கடினம். இதனால்தான் வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று இந்தியாவில் விதி செய்யப்பட்டது. நல்லெண்ணெய் உரிய வேதிப்பொருள்களுடன் சேரும்போது செந்நிறம் காட்டும். வனஸ்பதி கலந்த நெய்யைச் சோதித்தால் அந்நிறம் வெளிப்படும். கலப்படப் பொருளுக்குள்ளேயே அதன் சாட்சியை வைத்த அறிவு இது.

திருமலை லட்டு 2009ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதில் சேரும் கடலை மாவு, சர்க்கரை, பசுநெய், முந்திரி முதலியவற்றின் அளவை வரையறுக்கும் பட்டியலுக்குத் 'திட்டம்' என்றே பெயர். 2024ஆம் ஆண்டில், அந்த லட்டுக்கு வாங்கிய நெய்யில் பிற கொழுப்பு கலந்திருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று, ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு இதனை விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றம் யாருடையது என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி. நாம் கற்க வேண்டியது வேறொன்று.

4 விழுக்காடு கொழுப்புள்ள பாலில், 1 கிலோ கொழுப்பைப் பெற 25 கிலோ பால் வேண்டும். பாலின் விலையும், கொழுப்பு நீக்கிய பாலை விற்றுக் கிடைக்கும் தொகையும் அறிந்தவர், நெய்யின் அடக்கவிலையை எளிதில் கணக்கிடலாம். ஒருவர் அடக்கவிலைக்கும் மிகக் குறைவாக நெய் தர முன்வந்தால், "எப்படி இயலும்?" என்று கேட்க வேண்டியவர் வாங்குபவரே. கேளாமல் மகிழ்ந்து வாங்குபவர், தாம் அறியாமலே கலப்படத்துக்கு இடம் கொடுக்கிறார். சரியான விலையைச் சொல்லும் நேர்மையாளரோ ஒப்பந்தத்தை இழந்து வீடு திரும்புகிறார்.

ஆம், நேர்மை சில வேளைகளில் இழப்பைத் தரும். அதை மறைப்பதும் நேர்மையன்று. ஆனால் அந்த இழப்பு முழுவதையும் விற்பவர் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. உரிய விலை தரும் வாங்குபவரும், ஒழுங்காகச் சோதிக்கும் அலுவலரும், சீட்டைக் கேட்டுப் பெறும் நுகர்வோரும் அச்சுமையைப் பகிர்ந்துகொண்டால், நாணயமானவர் சந்தையில் நிலைத்து நிற்பார். வேற்றூரில் வாழ்பவருக்கு இது மேலும் இன்றியமையாதது. அங்கு அவருடைய குலமும் ஊரும் யாருக்கும் தெரியாது. அவர் நிறுத்துக் கொடுத்த எடை மட்டும் தெரியும்.

சொற்பொருள்

பிறழாத – மாறுபடாத
குதிர் – தானியம் சேர்த்து வைக்கும் கலம்
அடக்கவிலை – ஒரு பொருளை உருவாக்க ஆகும் மொத்தச் செலவு
நுகர்வோர் – பொருளை வாங்கிப் பயன்படுத்துவோர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 'நாணயம்' என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை?
2. எடைக்கற்களை எத்தனை திங்களுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்?
3. வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்க விதி செய்தது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
நல்லெண்ணெய், செந்நிறம், எடைக்கல்

இ. கணக்கிட்டு எழுதுக.
5 விழுக்காடு கொழுப்புள்ள பாலில் 1 கிலோ கொழுப்பைப் பெற எத்தனை கிலோ பால் வேண்டும்?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை தருக.
அளவில் பிழை செய்யாமலேயே அறத்தில் பிழை செய்ய முடியுமா? பாடத்திலிருந்து ஒரு சான்றும், உங்கள் எண்ணத்தில் தோன்றும் வேறொரு சான்றும் தருக.

உ. செயல்பாடு
பெற்றோருடன் கடைக்குச் செல்லும்போது தராசில் முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். நீங்கள் கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுங்கள்.