நம் ஊர் வழியே ஓடும் ஜி.எஸ்.டி. சாலை



காட்டாங்குளத்தூரில் எந்தச் சிறுமியை நிறுத்தி, "உன் வீடு எங்கே அம்மா?" என்று கேட்டாலும், "ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இந்தப் பக்கம்" என்றோ, "அந்தப் பக்கம்" என்றோதான் பதில் வரும். கிழக்கு மேற்கு என்று சொல்லும் வழக்கமே நம்மிடம் குறைந்துவிட்டது. ஆயினும் அந்த மூன்று எழுத்துகளின் விரிவு என்ன என்று வகுப்பில் கேட்டால், பாதிப் பேர் சரக்கு மற்றும் சேவை வரி என்று சொல்லிவிடுகிறார்கள்! அந்த வரி 2017 ஜூலையில் பிறந்த குழந்தை. நம் சாலையோ ஆங்கிலேயர் காலத்துப் பாட்டி.

கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பதே அதன் முழுப்பெயர். டிரங்க் என்றால் அடிமரம். அடிமரத்திலிருந்து கிளைகள் பிரிவதைப் போல, இப்பெருஞ்சாலையிலிருந்து சிறு சாலைகள் ஊர்களுக்குப் பிரிகின்றன. சென்னையிலிருந்து இவ்வாறு மூன்று அடிமரங்கள் புறப்பட்டன. வடக்கே கல்கத்தாத் திசையில் செல்வது ஜி.என்.டி. சாலை. மேற்கே பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் நோக்கிச் செல்வது ஜி.டபிள்யூ.டி. சாலை. தெற்கே திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்வது நம்முடையது. மற்ற இரண்டின் பெயரையும் இன்று கடைப் பலகைகளில்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். நம் சாலையின் பெயர் மட்டும் நடத்துனர் வாயிலும் ஆட்டோக்காரர் வாயிலும் இன்றும் உயிரோடிருக்கிறது.

இச்சாலை கிண்டியை அடுத்த கத்திப்பாராவில் தொடங்குகிறது. கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, அங்கே முடிகிறது. மவுண்ட் என்பது பரங்கிமலை. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் வழியாதலால் அதற்கு அப்பெயர். அவ்வழியில் அடையாறு குறுக்கிடுகிறது. அந்த ஆற்றின்மேல் சைதாப்பேட்டையில் முதன்முதலாகப் பாலம் கட்டியது அரசாங்கம் அன்று. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் தம் சொந்தப் பணத்தில் அதைக் கட்டினார். பாலத்தைப் பராமரிக்கவும் தனியே ஒரு தொகை வைத்துச் சென்றார். மலையின் மேலுள்ள ஆலயத்துக்கு ஏறிச் செல்லும் படிகளும் அவர் தந்தவையே. பின்னாளில் அப்பாலத்தின் இடத்தில் எழுந்ததுதான் மறைமலை அடிகள் பாலம். கத்திப்பாராவில் இன்று நாம் சுற்றிச் சுற்றி இறங்கும் மேம்பாலம் 2008-இல் திறக்கப்பட்டது. நான்கு இலை விரித்த பூண்டைப் போல் அமைந்திருப்பதை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் பாருங்கள். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது.

பரங்கிமலையை நம் மாணவிகளில் பலர் திருயாத்திரையாகச் சென்று அறிந்திருப்பீர்கள். புனித தோமையார் அங்கே உயிர் துறந்தார் என்பது மரபு. உச்சியிலுள்ள ஆலயம் போர்த்துகீசியரால் 1523-இல் கட்டப்பட்டது. பறங்கியர் மலையே பரங்கிமலை ஆயிற்று. அம்மலையைப் பற்றி வேறொரு செய்தியும் உண்டு. இந்தியா முழுவதையும் அளந்து வரைபடமாக்கிய மாபெரும் முக்கோண அளவைப் பணி தொடங்கியது அம்மலையடியில்தான். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி, நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. ஏழரை மைலுக்கு நூறடிச் சங்கிலியை எத்தனை முறை வைக்க வேண்டும்? ஒரு மைல் 5,280 அடி. கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 400 வரும். சித்திரை வைகாசி வெயிலில்! இமயத்தின் உயரத்தைப் பிற்காலத்தில் கணக்கிட்ட முக்கோணங்களின் வரிசை அந்த ஏழரை மைலிலிருந்து வளர்ந்ததே.

மீனம்பாக்கம் விமான நிலையத்தைக் கடந்தால் பல்லாவரம். பேருந்தில் போகும்போது நாம் பெரும்பாலும் கண்மூடித் தூங்கும் இடம் அது. உண்மையில் இச்சாலையிலேயே மிகப் பழமையான இடம் அதுதான். 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர், பல்லாவரம் படைத்துறைத் திடலில் சரளை தோண்டிய ஒரு குழியருகே, கையடக்கமான கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இயற்கையில் உடைந்த கல்லன்று. மனிதன் செதுக்கிய கற்கருவி. இந்தியாவில் பழைய கற்காலக் கருவியென்று இனங்கண்டு கொள்ளப்பட்ட முதல் கல் அதுவே. நம் நாட்டில் வரலாற்றுக்கு முந்திய காலத்து மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி அந்தச் சரளைக் குழியிலிருந்து தொடங்கிற்று என்றால் மிகையாகாது.

பல்லாவரத்துக் குன்றுகளின் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. கல்கத்தா நகரின் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல், இந்தக் குன்றுப் பகுதியிலிருந்து சென்ற கல்லாகும். 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் அக்கல்லின் இயல்பை ஆராய்ந்து, அந்த வணிகரின் நினைவாக அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகில் எந்த நாட்டு நிலவியல் மாணவரும் அப்பெயரைப் படித்தாக வேண்டும். நாமோ அதைக் கருங்கல் ஜல்லி என்று சொல்லி, தாரோடு கலந்து மிதித்துக்கொண்டு போகிறோம்! பல்லாவரம், பம்மல் குன்றுகளில் எத்தனையோ ஆண்டுகள் கல் உடைத்தார்கள். நகரத்துச் சாலைகளிலும் வீடுகளிலும் அந்தக் குன்றுகளே கிடக்கின்றன. உடைத்தவர்களில் பெண்களும் உண்டு.

குரோம்பேட்டை, தோல் பதனிடும் ஆலையால் பெயர் பெற்றது. குரோம் என்பது தோலைப் பதனிட உதவும் உப்பு. சானடோரியம் என்பதும் ஊர்ப்பெயர் அன்று. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காக அங்கே மருத்துவமனை அமைத்தார். காசநோய்க்கு நல்ல மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்நாளில், தூய காற்றும் வெயிலும் ஓய்வும் சத்துணவுமே மருந்து. நகரத்திலிருந்து விலகித் தூய காற்று வேண்டும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பதை, இன்று மாலை ஆறு மணிக்கு அவ்வழியே பேருந்தில் நிற்பவர்கள் நம்புவது கடினம். தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் நகரத்தை விட்டு அங்கே குடிபெயர்ந்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே சாலையும் தண்டவாளமும் அக்காள் தங்கை போல ஒன்றையொன்று விடாமல் போகின்றன. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்பது வரிசை. இவ்வூர்ப் பெயர்களில் களமும் குளமும் வருவதைக் கவனியுங்கள். காடும் குளமும் நம் ஊர்ப்பெயரிலேயே இருக்கின்றன. அரசு ஆவணங்களில் காட்டாங்கொளத்தூர் என்று எழுதுவார்கள். செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பது பழைய வழக்கு. இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் ஆதனூர்ப் பக்கமாகச் சென்று அடையாற்றில் சேர்கிறது. ஏரிகளும் வாய்க்கால்களும் வீட்டு மனைகளாக மாறினால் நீர் எங்கே போகும் என்பதற்கு, 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதே விடை.

இப்பகுதியில் ஊர்கள் பெருத்தது கடந்த 40, 50 ஆண்டுகளில்தான். மறைமலை நகர் 1980-ஐ ஒட்டித் துணை நகரமாகத் திட்டமிடப்பட்டது. நகரத்தில் 1855 முதல் இருந்த மிருகக்காட்சி சாலை இடம் மாறி, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்குச் செல்ல நம்மவர்கள் இனி கோயம்பேடு வரை போகவேண்டியதில்லை. கோயம்பேட்டுக்கு அருகில் வீடுள்ளவர்கள்தாம் இங்கே வரவேண்டும்!

சாலையும் இதற்கேற்ப அகன்றது. தாம்பரம் முதல் திண்டிவனம் வரை 93 கிலோமீட்டர் முதலில் நான்கு வழியாயிற்று. பிறகு தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை எட்டு வழியாக்கும் வேலை நடந்தது. இருமருங்கிலும் நின்ற புளியமரங்கள் பெரும்பாலும் போயின. அடிமரத்தில் வெள்ளை கறுப்புப் பட்டை அடித்து எண் எழுதி, ஆண்டுதோறும் புளியை ஏலம் விடுவது நெடுஞ்சாலைத் துறையின் வழக்கம். அம்மரங்களின் நிழலில் நடந்து பள்ளிக்குப் போனவர்கள் உங்கள் பாட்டிமார்.

இப்போது ஒரு கணக்கு. எட்டு வழிச் சாலையில் ஒரு பக்கத்துக்கு நான்கு தடங்கள். ஒரு தடம் மூன்றரை மீட்டர். ஆகவே நடுத்திட்டு வரை 14 மீட்டர். புத்தகப் பையோடு நடக்கும் ஒரு மாணவி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பாள் என்று கொள்வோம். அந்தப் பாதியைக் கடக்க அவளுக்குச் சுமார் 12 விநாடி வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். 12 விநாடியில் 264 மீட்டர். அதாவது, நம் பள்ளி விளையாட்டு விழாவில் 200 மீட்டர் ஓட்டம் ஓடுகிறீர்களே, அதைவிட அதிகத் தொலைவில் வரும் பேருந்து, நீங்கள் நடுத்திட்டை எட்டுவதற்குள் உங்களிடம் வந்துவிடும். அவ்வளவு தூரத்தில் வரும் வண்டி கண்ணுக்குப் பொம்மை போலத்தான் தெரியும். "தூரத்தில்தானே வருகிறது மிஸ்" என்று நீங்கள் சொல்வது இதனால்தான். ஓடினால் போயிற்று என்பீர்கள். செருப்பு வழுக்கினால், பையிலிருந்து டிபன் பாக்ஸ் விழுந்தால், குனிந்து எடுக்கும் மூன்று விநாடியில் பேருந்து 66 மீட்டர் வந்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. திரும்பும் இடம் தொலைவில் இருக்கிறது என்று, பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஸ்கூட்டர் ஓட்டி வருகிறீர்கள். உங்கள் வேகம் 30, எதிரே வருபவர் வேகம் 60 என்றால், இருவரும் ஒருவரையொருவர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், விநாடிக்கு 25 மீட்டராக நெருங்குகிறீர்கள். எதிரே வரும் லாரிக்காரர் அந்த ஓரத்தில் உங்களை எதிர்பார்ப்பதே இல்லை. மிச்சமாவது ஐந்து நிமிடம்.

சாலை அகலமாக ஆக, ஊர் இரண்டாகிறது என்பது என் கருத்து. தென் மாவட்டத்துக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரம் குறைகிறது. எதிர்ப்புறக் கடைக்கு உப்பு வாங்கப் போகும் பாட்டிக்குக் கால் மணி நேரம் கூடுகிறது. நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும் சாலையின் அணிகலன்கள் அல்ல, அவையும் சாலையின் பகுதியே. அகலப்படுத்தும்போதே அவற்றையும் கட்டியிருக்க வேண்டும் என்று மனுக் கொடுக்க ஊராருக்கு முழு உரிமை உண்டு. நம் மூத்த மாணவிகள் அத்தகைய மனு எழுதப் பழகுவது, விடுமுறை விண்ணப்பம் எழுதப் பழகுவதைவிடப் பயனுள்ளது.

இனிச் சாலையின் எண்ணுக்கு வருவோம். பழைய பாடப்புத்தகங்களில் இது தேசிய நெடுஞ்சாலை 45. பெரியவர்கள் இன்றும் அப்படியே சொல்வார்கள். 2010-இல் நாடு முழுவதும் எண்களை மாற்றினார்கள். புதிய முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வடக்குத் தெற்காகச் செல்பவற்றுக்கு இரட்டை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றை எண். வடக்கிலிருந்து தெற்கே வரவர எண் கூடும். மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைக் காட்டும். நம் சாலை இப்போது 32. இரட்டை எண், ஆகவே வடக்குத் தெற்கு. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பதையும் நினைவில் வையுங்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை.

நம் ஊருக்குத் தெற்கே பரனூரில் சுங்கச்சாவடி. பிறகு கொளவாய் ஏரிக்கரையோரமாகச் செங்கற்பட்டு. மாமண்டூரில் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி அங்கே ஆற்றைவிட மணலே கண்ணில் படும். அடுத்தது மதுராந்தகம். நிரம்பி உடையவிருந்த ஏரியை இராமர் காத்தார் என்று ஊரார் சொல்லும் கதையில், 1798-ஐ ஒட்டி அங்கே கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயரும் வருகிறார். அங்குள்ள கோயிலுக்கே ஏரி காத்த இராமர் கோயில் என்று பெயர். பின் மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், திண்டிவனம்.

திண்டிவனத்தில் சாலை பிரிகிறது. 32-ஆம் எண் இடப்புறம் திரும்பிப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று கடலோரமாகப் போகிறது. நேராக விழுப்புரம் செல்லும் கிளைக்கு எண் 132. அது விழுப்புரத்தில் வேலூரிலிருந்து வரும் 38-ஆம் எண் சாலையோடு சேர, 38 திருச்சிராப்பள்ளி, மதுரை வழியாகத் தெற்கே இறங்குகிறது. கடலோரமாகப் போன 32, உள்நாட்டு வழியே போன 38 ஆகிய இரண்டும் எங்கே முடிகின்றன என்று அட்லசில் விரல் வைத்துத் தேடிப் பாருங்கள். இரண்டு விரல்களும் தூத்துக்குடியில் வந்து நிற்கும்.